முதல் 20 நிமிடம்: பள்ளத்தூரில் ஓர் அம்பாசடர் எஞ்சினை ஸ்டார்ட் செய்தது

ஃபுல் எஞ்சின் வேலை பார்த்த பழைய காரில் எல்லாரும் பிஸ்டனைப் பற்றியும் பேரிங்கைப் பற்றியும்தான் கவலைப்படுவார்கள். நான் அதிகம் பயந்தது கேம்ஷாஃப்டுக்கு, அதாவது தன் மேடுகளால் வால்வுகளைத் திறக்கும் சுழல் தண்டுக்கு. புது கேமும், அதன் மேட்டில் உட்கார்ந்து வால்வைத் தள்ளும் புது டாப்பட்டும் போட்ட எஞ்சின் முதன்முதலாக ஓடும்போது, முதல் 20 நிமிடத்தில் அவை இரண்டும் ஒன்றோடொன்று பழகிக்கொள்ளும், இல்லையென்றால் ஒன்றையொன்று தின்றுவிடும். தின்றால் அன்றைக்கே தெரியாது. சில நூறு கிலோமீட்டர் கழித்து ஒரு வால்வு முழுதாகத் திறக்காமல் போகும். அதற்குள் இரும்புத் தூள் ஆயிலோடு கலந்து புது பேரிங்குகளுக்குள் போயிருக்கும். திரும்ப எஞ்சினை இறக்க வேண்டியதுதான். அதனால் எஞ்சினைக் கட்டியதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு, கட்டி முடித்ததை எப்படி உயிர்ப்பித்தோம் என்பதை விரிவாக எழுதுகிறேன்.

வண்டி அம்பாசடர் மார்க் 2. ஐயா (தாத்தா) வாங்கியது, அப்பச்சி (அப்பா) ஓட்டியது. பிறகு வீடு பூட்டியே கிடந்த காலத்தில் பள்ளத்தூர் கார் கொட்டகையில் பல வருடம் நின்றது. எஞ்சின் பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன் (பிஎம்சி) நிறுவனத்தின் பி-சீரிஸ், 1489 சிசி. எம்ஜி-ஏ ஸ்போர்ட்ஸ் கார் முதலில் வந்தபோது அதிலும் இதே 1489 சிசி எஞ்சின்தான். போர் (சிலிண்டரின் விட்டம்) 73 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 88.9 மி.மீ. ஸ்ட்ரோக் நீளம் என்பதால் குறைந்த வேகத்திலேயே இழுவை நன்றாக இருக்கும். கிராங்க்ஷாஃப்டைத் தாங்குவது மூன்றே மெயின் பேரிங். நல்ல ஆயில் கிடைத்தால் இது எளிதில் சாகாத எஞ்சின்.

மதுரையில் ஒரு லேத் பட்டறையில் போரிங்கும் கிராங்க் கிரைண்டிங்கும் ஆயின. பிஸ்டன் 40 தௌ ஓவர்சைஸ், பேரிங் 20 தௌ அண்டர்சைஸ். (தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. பட்டறையில் எல்லாமே இந்தக் கணக்குதான்.) ஒவ்வொரு ரிங்கையும் அதன் சிலிண்டருக்குள் வைத்து முனை இடைவெளியை ஃபீலர் கேஜால் அளந்தேன். 8 தௌவிலிருந்து 13 தௌவுக்குள் இருக்க வேண்டும். எக்ஸாஸ்ட் வால்வுகளுக்குக் கடினமான சீட் இறக்கச் சொன்னேன். அந்தக் காலப் பெட்ரோலில் ஈயம் இருந்தது, அது வால்வு உட்காரும் இடம் தேயாமல் காத்தது. இந்தியாவில் ஈயப் பெட்ரோல் 2000-ல் நின்றுவிட்டது. வார்ப்பிரும்பு ஹெட்டை அப்படியே விட்டு நெடுஞ்சாலையில் ஓட்டினால் சீட் தேய்ந்து, வால்வு உள்ளே இறங்கிக்கொண்டே போகும்.

பிளாக்கைத் திறந்தபோது மனசு கஷ்டப்பட்டது தண்ணீர் ஓடும் பாதையைப் பார்த்துத்தான். 4-ஆம் சிலிண்டருக்குப் பின்னால் கிணற்றுத் தண்ணீரின் உப்பும் துருவும் சேர்ந்து கல்லாக இறுகியிருந்தன. ரேடியேட்டரில் ஊற்றிய தண்ணீர் அந்த மூலைக்குப் போயே பல காலம் ஆகியிருக்கும். கோர் பிளக்குகளை (பிளாக்கின் துளைகளை அடைக்கும் தகட்டு மூடிகளை) தட்டி எடுத்து, கம்பி விட்டுக் குடைந்து, தண்ணீர் தெளிவாக வெளியே வரும்வரை கழுவினோம். டைமிங் கவர், சம்ப், டாப்பட் கவர் போன்ற தகடுகளின் துருவைச் சலவை சோடா கரைத்த தண்ணீரில் பேட்டரி சார்ஜரின் மின்சாரம் விட்டு எடுத்தேன். துருப்பிடித்த பாகம் நெகட்டிவில், ஒரு பழைய இரும்புத் துண்டு பாசிட்டிவில். 1948-லிருந்து சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம்) இருக்கிற காரைக்குடிப் பக்கத்தில் வளர்ந்தவனுக்கு மின்வேதியியலைக் கையில் எடுக்கப் பிரியம் இருக்கத்தான் செய்யும். பாசிட்டிவ் பக்கம் எவர்சில்வரை மட்டும் போட்டுவிடக் கூடாது. அதிலிருக்கும் குரோமியம் நச்சாகத் தண்ணீரில் இறங்கும்.

எஞ்சின் வண்டிக்குள் ஏறிய பிறகுதான் உண்மையான பேச்சு தொடங்கியது. கூட இருந்தவர் தேவகோட்டை மெக்கானிக் அண்ணன் ஒருவர். அம்பாசடரை அதன் சத்தத்திலேயே படிக்கக்கூடியவர். அவர் சொன்னார்: “தம்பி, ஸ்டார்ட் ஆனதும் ஸ்லோவுல வச்சு ராத்திரி முழுக்க ஓட விட்டுருவோம். காலையில கையால சுத்துனா லூசா இருக்கும்.”

எங்கள் பக்கம் பல பட்டறைகளில் இதுதான் வழக்கம். பழைய கேமையே திரும்பப் போட்ட எஞ்சினுக்கு இதனால் பெரிய கெடுதல் இல்லை. புது கேமுக்கு இது கூடவே கூடாது என்பதில் நான் உறுதியாக இருந்தேன். இந்த எஞ்சினில் கேமின் மேடுகளுக்கும் டாப்பட்டுக்கும் நடுவே ஆயிலை அழுத்தத்தோடு கொண்டுவரும் பாதை எதுவும் இல்லை. கிராங்க் சுழலும்போது தெறிக்கும் ஆயில்தான் அங்கே போய்ச் சேரும். ஸ்லோவில் கிராங்க் மெதுவாகச் சுற்றும், தெறிப்பு குறைவு. அதே நேரம் வால்வு ஸ்பிரிங்கின் முழு பலமும் ஒரு மெல்லிய கோட்டில் அழுத்தும். வேகம் ஏறினால் தெறிப்பு கூடும், கேமின் மூக்கில் விழும் அழுத்தமும் குறையும். இன்னொன்று, டாப்பட் சுழல வேண்டும். கேம் மேட்டுக்கு இலேசான சரிவும், டாப்பட்டின் அடிமுகத்துக்குக் கண்ணுக்குத் தெரியாத குவிவும் வைத்திருப்பதே அது ஒவ்வொரு தட்டலுக்கும் கொஞ்சம் திரும்பி, முகம் முழுக்கச் சமமாகப் பழகட்டும் என்றுதான்.

“அண்ணே, நீங்க சொல்றது பழைய கேமுக்குச் சரி. இது புதுசு. 2000 ஆர்பிஎம்முக்குக் கீழே இறங்காம 20 நிமிஷம் ஓட்டணும்” என்றேன். அவர் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. புஷ்ராடு (டாப்பட்டின் தள்ளலை, வால்வை அமுக்கும் ராக்கருக்குக் கொண்டுபோகும் கம்பி) ஒவ்வொன்றிலும் பெயிண்டால் புள்ளி வைத்து, ராக்கர் கவரைக் கழற்றி, ஹேண்டிலால் எஞ்சினைச் சுற்றிக் காட்டினேன். புள்ளிகள் மெல்ல மெல்லத் திரும்பின. ராடு திரும்பினால் டாப்பட்டும் திரும்புகிறது. அதைப் பார்த்துவிட்டு, “சரி, உங்க வழியில போவோம். ஆனா டைமிங்க என் காதுக்கு விட்டுருங்க” என்றார். நல்ல ஒப்பந்தம்.

2000-ல் பிடிக்க வேண்டுமென்றால் எஞ்சின் உடனே பிடிக்க வேண்டும். கேம் மேடுகளில் தடவியிருக்கும் மாலிப்டினம் பேஸ்ட், செல்ஃபை விட்டுவிட்டு அடித்துக்கொண்டே இருந்தால் வழிந்துபோகும். ஆக ஸ்டார்ட்டுக்கு முந்தைய வேலைகள் எல்லாமே நீண்ட கிராங்கிங்கைத் தவிர்ப்பதற்குத்தான்.

முதலில் டாப்பட் இடைவெளி, அதாவது ராக்கருக்கும் வால்வு முனைக்கும் நடுவே விடும் இடம். குளிர்ந்த நிலையில் 15 தௌ. எட்டு வால்வையும் முன்னாலிருந்து எண்ணி, ‘கூட்டினால் ஒன்பது’ என்ற கணக்கில் வைத்தோம். 8-ஆம் வால்வு முழுதாகத் திறந்திருக்கும்போது 1-ஐ அட்ஜஸ்ட் செய்ய வேண்டும், 6 திறந்திருக்கும்போது 3-ஐ, 4 திறந்திருக்கும்போது 5-ஐ. டைமிங் மார்க்கைத் தேட வேண்டியதே இல்லை.

அடுத்தது ஆயில். சில எஞ்சின்களில் டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றி, டிரில்லை விட்டு ஆயில் பம்பைச் சுற்றலாம். பி-சீரிஸில் அது நடக்காது. பம்புக்கும் டிஸ்ட்ரிபியூட்டருக்கும் கேமிலிருந்து தனித்தனி ஷாஃப்ட். பம்பைக் கட்டும்போதே வாஸ்லின் அடைத்து வைத்திருந்தோம். அதற்கு மேல், தோட்டத்துக்கு மருந்து தெளிக்கும் கை ஸ்ப்ரேயர் ஒன்றைப் புதிதாக வாங்கினேன். மருந்து பட்ட பழையதை எஞ்சினுக்குப் பயன்படுத்தவே கூடாது. அதில் எஞ்சின் ஆயிலை ஊற்றி, வெயிலில் வைத்துச் சூடாக்கி, பிளாக்கில் ஆயில் பிரஷர் மீட்டர் குழாய் பொருந்தும் துளையில் இணைத்துக் காற்றடித்தோம். அண்ணன் ஹேண்டிலை மெல்லச் சுற்றிக்கொண்டே இருந்தார். முதலில் ஃபில்டர் நிறையும் சத்தம். கொஞ்ச நேரம் கழித்து ராக்கர் ஷாஃப்டின் ஒரு முனையில் ஆயில் கசிந்தது, பிறகு ஒவ்வொரு ராக்கரிலும் வந்தது. கேம் பேரிங்கைத் தாண்டித்தான் ஆயில் அங்கே ஏற முடியும் என்பதால், கீழே எல்லாம் நனைந்துவிட்டது என்று அர்த்தம். இந்த ஒரு வேலைக்காக எவ்வளவு நேரம் செலவழித்தாலும் தகும்.

ஆயில் என்றால் சாதாரண 20டபிள்யூ-50 மினரல் ஆயில்தான். சிந்தெடிக் இப்போது வேண்டாம், ரிங் சிலிண்டரோடு பழகுவது தாமதமாகும் என்பார்கள். இந்தக் காலக் கார்களுக்கான மெல்லிய ஆயில்களில் துத்தநாகமும் பாஸ்பரஸும் கலந்த சேர்மானத்தைக் குறைத்துவிட்டார்கள், எக்ஸாஸ்டில் இருக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் கெடாமல் இருக்க. தட்டை டாப்பட்டுக்கு அந்தச் சேர்மானம் வேண்டும். அதனால் டப்பாவின் பின்பக்கத்தைப் படித்துத்தான் வாங்கினேன்.

இக்னிஷனில் பலர் மாட்டிக்கொள்வது 1-ஆம், 4-ஆம் பிஸ்டன்கள் ஒரே நேரத்தில் மேலே வருவதால். புல்லியில் மார்க் சரியாக நிற்கும், ஆனால் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சுற்றும் ரோட்டார் எதிர்ப்பக்கம் காட்டும். எஞ்சின் இருமும், கார்புரேட்டர் வழியே தீயைத் துப்பும். இதற்கு 4-ஆம் சிலிண்டரின் வால்வுகளைப் பார்த்தால் போதும். ஒன்று மூடிக்கொண்டும் இன்னொன்று திறந்துகொண்டும் இரண்டும் ஆடுகிற நேரம்தான் 1-ஆம் சிலிண்டரின் கம்ப்ரெஷன் உச்சி. ரோட்டார் அப்போது 1-ஐப் பார்க்க வேண்டும். ஒயர் வரிசை 1-3-4-2, ரோட்டார் சுற்றுவது கடிகார முள்ளுக்கு எதிராக. பாயின்ட் இடைவெளி 15 தௌ. டிஸ்ட்ரிபியூட்டர் முனைக்கும் எர்த்துக்கும் நடுவே ஒரு சின்ன பல்பை மாட்டி, இக்னிஷனைப் போட்டு, டிஸ்ட்ரிபியூட்டரை மெல்லத் திருப்பினால், பாயின்ட் திறக்கும் நொடியில் பல்ப் எரியும். அந்த இடத்தில் டைட் செய்துவிட்டால் ஸ்டார்ட் ஆவதற்கு அது போதும். நுணுக்கமெல்லாம் அப்புறம்.

எர்த் பட்டையை மறக்கக் கூடாது. எஞ்சின் ரப்பர் மவுன்ட்டின் மேல் உட்கார்ந்திருக்கிறது, பிளாக்குக்கும் சேசிஸுக்கும் புது பெயிண்ட் அடித்திருக்கிறது. பட்டை சரியாகப் பிடிக்கவில்லை என்றால் செல்ஃபின் கரன்ட் முழுதும் சோக் கேபிள் வழியாகத் திரும்பப் பார்க்கும். கேபிள் பழுத்துச் சிவந்துவிடும். அந்த இரண்டு இடங்களிலும் பெயிண்ட்டைச் சுரண்டிப் பளபளவென்று ஆக்கினோம்.

பெட்ரோலை டேங்கிலிருந்து எடுக்கவில்லை. தனி கேன் வைத்து பம்பின் இழு குழாயை அதற்குள் விட்டோம். இன்று பங்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் இருக்கிறது. அந்தக் கால ரப்பர் அதில் ஊறிப் பிசுபிசுத்துவிடும். எத்தனால் ஈரத்தையும் இழுக்கும், டேங்க் துருப்பிடிக்கும். குழாய்களையும் பம்பின் டயாஃப்ரத்தையும் எத்தனால் தாங்கும் ரகத்தில் ஏற்கெனவே மாற்றியிருந்தேன். பம்பின் கை நெம்புகோலை அடித்து கார்புரேட்டரை நிரப்பும்போது அது சில நேரம் தளர்வாக ஆடும், பெட்ரோல் ஏறாது. பம்ப் கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம். கேம் அந்த இடத்தில் பம்பை அழுத்திக்கொண்டு நிற்கிறது. எஞ்சினை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு அடித்தால் ஏறும்.

ரேடியேட்டருக்கு வளவில் (வீட்டின் உள் முற்றத்தில்) பிடித்த மழைத்தண்ணீர். நாலு பக்க ஓட்டிலிருந்தும் வளவுக்குள் இறங்கும் தண்ணீரை அண்டாவில் பிடித்து வைக்கும் வழக்கம் எங்கள் வீடுகளில் இன்னும் இருக்கிறது. உப்பு இல்லாத தண்ணீர். பாதி அது, பாதி கூலன்ட். ஊர் வெயிலுக்குப் பயந்து, எஞ்சின் சூடாகும்வரை தண்ணீரைத் தடுக்கும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போடுவதை நான் ஏற்பதில்லை. எஞ்சின் சூடேறாமல் ஓடினால் ஆயிலில் தண்ணீரும் பெட்ரோலும் தங்கும், சிலிண்டர் சீக்கிரம் தேயும். தெர்மோஸ்டாட்டின் தட்டில் 3 மி.மீ. துளை ஒன்று போட்டுவிட்டால் காற்று அடைத்துக்கொள்ளாது.

கொட்டகைக்குள் புகை தங்கும் என்பதால் வண்டியைத் தெருப் பக்கம் தள்ளி நிறுத்தினோம். ரேடியேட்டருக்கு முன்னால் ஒரு பெரிய பெடஸ்டல் ஃபேன். நின்றபடி 2000-ல் ஓடும் வண்டிக்கு எதிர்க்காற்று கிடையாதே. பக்கத்தில் தீயணைப்பு சிலிண்டர். பிளக்குகளைக் கழற்றிவிட்டுச் செல்ஃபைச் சில நொடி மட்டும் அடித்தோம். மீட்டரின் முள் எழுந்தது. பிளக்கை மாட்டினோம். அப்பத்தா வந்து பானட்டின் மேல் ஒரு எலுமிச்சம்பழம் வைத்துவிட்டுப் போனார்.

சோக்கை இழுத்துச் செல்ஃபை அடித்தேன். எஞ்சின் உடனே பிடித்தது. அண்ணன் ஏற்கெனவே த்ராட்டில் ஸ்க்ரூவை ஏற்றி வைத்திருந்ததால் வேகம் தானாகவே மேலே போனது. மீட்டரில் 60 பவுண்ட். அந்தச் சத்தத்தைக் கேட்டபோது எனக்குத் தொண்டை அடைத்தது. ஆனால் அப்போது கண் மீட்டரை விட்டு நகரக் கூடாது.

வண்டியில் ஆர்பிஎம் மீட்டர் கிடையாது. பிளக் ஒயரில் சுற்றும் சின்ன டிஜிட்டல் மீட்டரை வைத்திருந்தோம். இதில் ஒரு விஷயம் உண்டு. பல டூவீலர்களில் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு பொறி. நம் எஞ்சினில் ஒரு பிளக்குக்கு இரண்டு சுற்றுக்கு ஒரு பொறி. டூவீலர் செட்டிங்கிலேயே விட்டால் 2000-ஐ 1000 என்று காட்டும், நாம் பயந்து 4000-க்கு ஏற்றிவிடுவோம். செட்டிங்கை முதலிலேயே மாற்றிவிட வேண்டும்.

எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டிலிருந்து புகை கிளம்பியது. பெயிண்ட்டும் கைபட்ட ஆயிலும் எரிகிற புகை, பயமில்லை. மேனிஃபோல்ட் சிவக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். சிவந்தால் டைமிங் பின்தங்கியிருக்கிறது என்று அர்த்தம். அண்ணன் டிஸ்ட்ரிபியூட்டரைப் பிடித்து மயிரிழை மயிரிழையாகத் திருப்பினார். ஒரு இடத்தில் எஞ்சின் சத்தம் திடீரென்று சீரானது, வேகமும் கொஞ்சம் ஏறியது. “இங்கதான்” என்றார். பிறகு டைமிங் லைட் வைத்துப் பார்த்தபோது தொட வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

நடுவில் மேனிஃபோல்டுக்குக் கீழே ஆயில் சொட்ட ஆரம்பித்தது. டாப்பட் கவரின் கார்க் கேஸ்கட். நிறுத்தலாமா என்று கையைச் சாவிக்குக் கொண்டு போனேன். “நிறுத்தாதீங்க தம்பி, ஒழுகட்டும். கேம் முக்கியம்னு நீங்கதான சொன்னீங்க” என்றார் அண்ணன். முன்பே பேசி வைத்திருந்தோம்: பிரஷர் விழுந்தாலோ, கீழே தட்டும் சத்தம் வந்தாலோ, சூடு எல்லை மீறினாலோ உடனே நிறுத்துவது. சொட்டுக்கு நிறுத்துவதில்லை. அடியில் ஒரு தட்டை வைத்தோம். வேகத்தை ஒரே இடத்தில் வைக்காமல் 2000-க்கும் 2500-க்கும் நடுவே ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தேன், ஆயில் எல்லாப் பக்கமும் தெறிக்கட்டும் என்று. தெர்மோஸ்டாட் திறந்ததும் மேல் ஹோஸ் தொட முடியாத அளவுக்குச் சுட்டது, முள் ஒருமுறை ஏறி, இறங்கி நின்றது. ஆயில் சூடான பிறகு பிரஷர் 45-ல் நிலைத்தது.

20 நிமிடம் ஆனதும் ஸ்லோவுக்கு இறக்கினேன். சீராக நின்றது. நிறுத்திவிட்டு, சூட்டோடு சூடாக ஆயிலை முழுதும் வடித்தோம், ஃபில்டரையும் மாற்றினோம். வடித்த ஆயிலில் காந்தத்தை விட்டுத் துழாவினேன். முனையில் மை மாதிரி ஒரு மெல்லிய படிவு மட்டும். விரலில் நெருடும் துகளோ மினுக்கும் செதிலோ இல்லை. பழைய ஃபில்டரை வெட்டி விரித்தும் பார்த்தேன். சுத்தம்.

எஞ்சின் முழுதும் ஆறிய பிறகு மறுநாள் ஹெட் நட்டுகளை வரிசைப்படி ஒவ்வொன்றாகக் கொஞ்சம் தளர்த்தி, 40 பவுண்ட்-அடிக்கு மறுபடி டைட் செய்தோம். பி-சீரிஸில் ராக்கர் தூண்களைப் பிடிக்கும் நட்டுகள் சிலவும் இந்த ஹெட் ஸ்டட்டில்தான் இருக்கின்றன. ஆகவே ஹெட்டைத் தொட்டால் டாப்பட்டும் மாறும். அதையும் திரும்ப 15 தௌவுக்கு வைத்தோம். டாப்பட் கவருக்குப் புது கார்க் போட்டு மெதுவாக மட்டும் இறுக்கினோம். அந்தத் தகட்டை முறுக்கினால் வளைந்து இன்னும் அதிகம் ஒழுகும்.

ரிங் பழகுவதற்கு வண்டியை வீட்டில் நிறுத்தி ஓட்டுவதால் பயனில்லை, பாரம் வேண்டும். கோட்டையூர் சாலையில் டாப் கியரில் 40-லிருந்து 65 வரை அழுத்தி ஏற்றுவேன், காலை எடுத்து எஞ்சின் பிரேக்கில் இறங்க விடுவேன், திரும்ப ஏற்றுவேன். ஏற்றும்போது ரிங் சுவரில் அழுந்தும், விடும்போது உறிஞ்சலில் ஆயில் மேலே வந்து சுவரைக் கழுவும். குறைந்த வேகத்தில் டாப் கியரைப் போட்டு எஞ்சினைத் திணற விடுவதுதான் கெடுதல். செம்மண் தூசி இந்தப் பக்கம் அதிகம் என்பதால் ஆயில் பாத் ஏர் ஃபில்டரை அடிக்கடி கழுவினேன். முதல் நீண்ட ஓட்டம் குன்றக்குடி வழியாகப் பிள்ளையார்பட்டிக்கு. அண்ணன் பக்கத்து சீட்டில் கண்ணை மூடிக்கொண்டு எஞ்சினைக் கேட்டபடி வந்தார்.

800 கிலோமீட்டரில் இரண்டாம் முறை ஆயில் மாற்றினேன். ஆரம்பத்தில் டிப்ஸ்டிக்கில் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டிருந்த ஆயில் இப்போது நின்ற இடத்திலேயே நிற்கிறது. நாலு பிளக்கும் ஒரே மாதிரி இளம் பழுப்பு. டாப்பட் கவர் காய்ந்து கிடக்கிறது. இரண்டாம் கியருக்கு இறக்கும்போது மட்டும் கரகரக்கிறது. கோடைக்குள் கியர்பாக்ஸை இறக்கி, கியர் சத்தமில்லாமல் விழ உதவும் சின்க்ரோவைப் பார்க்க வேண்டும்.